தேசிங்கைக் கேட்காமல் ஓர் ஓடிபி

அந்தப் பக்கம் உட்காராதீர்கள் சார், அங்கே உட்கார்ந்தால் தேசிங்கின் மாடி தெரியும். இப்படி வாருங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஸ்டூல் போட்டிருக்கிறேன். நடுவரை அனுப்புகிற கிளப் ஒரு தொப்பி கொடுத்து அனுப்பக் கூடாதா? நாள் முழுக்க வானத்தைப் பார்க்கிற வேலை, அதுவும் வியாசர்பாடி வெயிலில். இந்தாருங்கள், மோர். நடுவருக்கு மோர் கொடுத்தால் லஞ்சம் ஆகாது, செயலாளரிடம் கேட்டுவிட்டேன்.

நீங்கள் கிளப்புக்குப் புதுசு, அதனால்தான் என் மாடிக்கு வந்திருக்கிறீர்கள். பழைய ஆட்கள் வரமாட்டார்கள். ஏகாம்பரம் வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பார்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை சார். நடந்ததை மட்டும் சொல்லுவேன். பந்தயத்துக்குப் புறா விட்ட ஒவ்வொரு மாடியிலும் ஒரு நடுவர் உட்கார வேண்டும் என்று இந்த வருஷம் சட்டம் வந்ததே, யாரால்? என் புகாரால். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இந்த வெயிலைக் கொடுத்தவனே நான்தான். மோரைக் குடியுங்கள்.

அவசரம் இல்லை. விடியற்காலையில் பல்லார்ஷாவில் கூடையைத் திறந்திருப்பார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து வியாசர்பாடிக்கு, யாரையும் வழி கேட்காமல் வர வேண்டும். இப்போதுதான் நெல்லூர் பக்கம் வந்திருக்கும். வருகிறவள் பெயர் கப்பல். நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன், புறாவுக்கு வேறு என்ன பெயர் வைப்பேன்?

தேசிங்கு யார் என்று கேட்டீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்லுகிறேன். என் தங்கை பச்சையம்மாளின் புருஷன். அவன் வீடும் என் வீடும் முதுகோடு முதுகு. இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். இரண்டு புறாக் கூண்டும் சேர்ந்து கிளப்பில் ஒரே அணி, ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. நன்றாக இருந்த காலத்தில் சேர்த்தது. அப்புறம் அவன் ஒரு காரியம் செய்தான். கப்பலோடு கூடப் பொரிந்த குஞ்சை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பாண்டிச்சேரிக்காரன் ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தான். சிநேகிதனாம். நான் ஒன்றும் பெரிதாகக் கோபப்படவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

அணியைப் பிரித்துக் கொடுங்கள் என்று செயலாளரிடம் போனேன். பொதுக்குழு கூடினால்தான் பிரிக்க முடியும் என்றார். பொதுக்குழு எப்போது கூடும்? அதைப் பொதுக்குழுதான் முடிவு செய்யுமாம். வந்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து, கிளப்பின் வலைத்தளத்தில் எவனோ புகுந்து புறா வந்த நேரத்தை மாற்றிவிட்டான். இனி பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஆறு இலக்க ஓடிபியும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்எம்எஸ்ஸில் வருகிற ஓடிபி இல்லை சார் இது. கட்டம் கட்டமாக ஒரு படம் காட்டுவார்கள். அதைப் போனில் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் போதும். அப்புறம் அந்தப் போனே முப்பது நொடிக்கு ஓர் எண்ணாகப் பெற்றுப் போட்டுக்கொண்டிருக்கும். முப்பது நொடி தாண்டினால் அந்த எண் செத்தது. அந்தப் படத்தைக் காட்டிய கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஏன் போக வேண்டும்? தேசிங்கு போயிருந்தானே.

ஆக, ஓடிபி அவன் போனில். என்னிடம் இருப்பது பட்டன் போன். தொடுகிற போன் வாங்கித் தருகிறேன் என்று என் மகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவன் வாங்கின பிறகு நான் வாங்கினால், என்னைப் பார்த்து வாங்கினான் என்பான். வேண்டாம் என்றேன். மகள் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாடிப்படி அறையில் வைத்துக் கொடுத்தாள். அது போதும். அவனிடம் கம்ப்யூட்டர் இல்லை.

இப்போது போன வருஷத்துப் பந்தயத்தைச் சொல்லுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

கப்பல் முதலில் வந்தாள். ஊருக்கெல்லாம் முதலில் வந்தாள். இறங்கினாள், கூண்டுக்குள் வந்தாள், காலிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினேன், உள்ளே ஒட்டியிருந்த ரகசிய எண்ணைப் பிரித்தேன். அதைத் தளத்தில் ஏற்றுகிற நேரம்தான் புறா வந்த நேரம், நடுவர் உட்கார்ந்திருக்கிற இந்த வருஷமும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும். பாஸ்வேர்டு போட்டேன். ஓடிபி கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடியில் தேசிங்கு போனோடு நிற்கிறான். நான் அவனோடு பேசுவதில்லையே? அதனால் தங்கையைக் கூப்பிட்டேன்.

"பச்சை! ஓடிபி கேளு!"

அவள் கீழே அடுப்படியில் இருந்தாள். அங்கிருந்து மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, அண்ணன் ஓடிபி கேக்குது!"

"அண்ணன்னு சொல்லாத! சும்மா கேளு!" என்றேன் நான்.

"பொறா வந்துடுச்சான்னு கேக்கறாருண்ணா!"

"வந்துச்சுன்னு சொல்லாத!"

"வரலையாங்க!"

"அப்ப ஓடிபி எதுக்காம்?" என்றான் தேசிங்கு.

இப்படியே போனது சார். கடைசியில் அவன் எண்ணைச் சொல்லி, அவள் அதை வாங்கி, "நாலு, எட்டு, இருங்கண்ணா, பால் பொங்குது" என்று ஓடி, திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்லி, நான் ஒவ்வொரு கட்டையாகத் தேடி அழுத்தினால், 'எண் தவறு' என்கிறது. செத்துப் போச்சு. மறுபடி கேட்டேன். மறுபடி செத்தது. அடுத்ததும் அப்படியே. உள்ளே நுழைந்து எண்ணை ஏற்றியபோது பெரம்பூர்க்காரன், கொருக்குப்பேட்டைக்காரன், இன்னும் ஒருத்தன், மூன்று பேர் எனக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்த கப்பல் நாலாவது. அன்றைக்கு எழுதிக் கொடுத்ததுதான் நான் முதலில் சொன்ன புகார்.

வேண்டுமென்றே செய்தான் சார். செத்துப்போகிற எண்ணாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அவனே நேராகச் சொல்லியிருக்கலாமே? பத்தடிதானே?

நான் நேராகக் கேட்டிருக்கலாம் என்கிறீர்களா? அது வேறு சார். நான் பேசுவதில்லை.

அது கழுகு. எழுந்திருக்காதீர்கள். புறா அப்படி வட்டம் போடாது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என் மகள் வெண்ணிலா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் பாதி சொல்லும்போதே, "அப்பா, அந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் போனே தேவையில்லை. கம்ப்யூட்டரே போடும். நான் எனக்காகச் சின்னதா ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.

"தேசிங்கு போனைக் கேக்காமலா?"

"கேக்காமத்தான். ரெண்டு இடத்துலயும் ஒரே ரகசியமும் ஒரே நேரமும் இருந்தா, ஒண்ணுக்கொண்ணு பேசிக்காமலே ரெண்டும் ஒரே எண்ணைத்தான் சொல்லும்."

"பேசிக்காமலே?"

"பேசவே வேணாம்பா."

சார், இந்த உலகத்தில் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன் ஒரு நல்ல மனிதன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

ஆனால் அவளுடைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது, என்னுடையதில் ஓடவில்லை. அவளுடையதில் ஏற்கெனவே இருக்கிற பத்துச் சாமானை நம்பி அது ஓடுகிறதாம். என்னுடையதில் அந்தச் சாமான் இல்லை. "இதைச் சரியா பேக்கேஜ் பண்ணணும்பா. என்னென்ன தேவைன்னு உள்ளேயே எழுதி, ஒரே வரி அடிச்சா எந்த மிஷின்லயும் தானா உட்காரணும்" என்றாள். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இங்கே கட்டின பெட்டியை எவனோ எங்கேயோ பிரிப்பான், பிரிக்கிறவனுக்கு உன் மொழி தெரியாது, உள்ளே எல்லாம் இருக்க வேண்டும். துறைமுகத்தில் வேறு என்ன செய்தோம்?

"பேக்கேஜுக்கு ஒரு பேர் வேணும்பா."

"கப்பல்."

"அந்தப் பேரை யாராவது வெச்சிருந்தா கிடைக்காது." தேடினாள். சார், உலகத்தில் ஒருத்தன் வைக்கவில்லை! எத்தனை நாடு, எத்தனை படித்தவன், ஒருத்தனுக்குத் தோன்றவில்லை! நான் இந்த மாடியில் ஒரு சுற்று சுற்றி வந்தேன். புறாக்களெல்லாம் பயந்து எழுந்துவிட்டன.

அப்புறம் விவரம் எழுத வேண்டும், இது எதற்கு என்று ஒரே வரியில். நான் சொன்னேன்: "தங்கச்சி புருஷனைக் கேட்காமல் ஓடிபி எடுக்க." அவள் அதை அப்படியே இங்கிலீஷில் போட்டு அனுப்பிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் போட்டாள், நான் தடுக்கவில்லை. இந்த மாதிரி இலவசப் புரோகிராம்களையெல்லாம் சேர்த்து வைக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். புதிதாக ஒன்று வந்தால் பிரித்துப் பார்த்துச் சேர்க்கிறதுக்கு ஆட்கள் இருக்கிறார்களாம், சம்பளம் இல்லாமல். நம் பேக்கேஜைப் பார்த்தவன் எங்கேயோ பனி பெய்கிற ஊர்க்காரன். பெயரை என்னால் சொல்ல முடியாது, வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டால் வரும். அவன் பதில் எழுதினான்: விவரம் பொதுவாக இருக்க வேண்டும், தங்கை புருஷன் இல்லாதவர்களும் இதைப் பயன்படுத்தலாம் அல்லவா?

நியாயமான ஆள். 'எவரையும் கேட்காமல்' என்று மாற்றினோம்.

அப்புறம் உபயோகிக்கிற விளக்கம் எங்கே என்றான். எழுதினாள். இன்னொரு சாமான் விட்டுப்போயிருக்கிறது என்றான். சேர்த்தாள். இப்படி அவன் குறை சொல்ல, இவள் சரிசெய்ய, ஒவ்வொரு தடவையும் என் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து என்னை ஏற்றச் சொல்வாள். "உனக்கு வந்துட்டா உலகத்துக்கே வந்துடும்பா" என்பாள். எவ்வளவு மரியாதை பாருங்கள் எனக்கு.

எல்லாம் முடிந்தது. ரகசியம் மட்டும் பாக்கி. தேசிங்கின் போனுக்குள் கட்டம் போட்ட படமாகப் போனதே, அந்த ரகசியம். அது இல்லாவிட்டால் கப்பல் வெறும் பெட்டி. அவன் குளிக்கப் போகும்போது பச்சையை விட்டு போனை எடுக்கச் சொல்லலாம் என்று நான் ஒரு திட்டம் போட்டேன். தண்ணீர் லாரி வருகிற நாளாகப் பார்க்க வேண்டும், அன்றைக்குத்தான் அதிக நேரம் குளிப்பான். வெண்ணிலா காது கொடுத்துக் கேட்டாள், எழுந்தாள், சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தாள்.

"மாமா, அந்த ஓடிபி ரகசியம் எனக்கு வேணும்."

"எடுத்துக்கோம்மா" என்று போனை நீட்டிவிட்டான்!

கொடுத்துவிட்டான் சார்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். இத்தனை நாள் கொடுக்காதவன்! வெண்ணிலா கேட்டாளாம், "ஏன் மாமா, இதை அப்பாகிட்டயே குடுத்திருக்கலாமே?" அதற்கு அவன், "உங்கப்பன் என்னைக் கேட்டாத்தானே? அது பச்சையைக் கேக்குது, வானத்தைக் கேக்குது" என்றானாம். வாயைப் பாருங்கள். புரோகிராமுக்குக் கப்பல் என்று பெயர் வைத்ததைச் சொன்னதும், "நல்ல பேரு" என்றானாம். எப்படிச் சொன்னான் என்று கேட்டேன். நல்ல பேருன்னு சொன்னாருப்பா என்றாள். சிரித்துக்கொண்டா, சாதாரணமாகவா? சாதாரணமாக என்றாள். இன்னொரு தடவை சொல்லிக் காட்டு என்றேன். அவளுக்கு அலுத்துவிட்டது.

ரகசியத்தை ஏற்றினோம். கறுப்புத் திரையில் 'கப்பல்' என்று ஆறு இங்கிலீஷ் எழுத்து அடித்தேன், எல்லாம் சின்ன எழுத்து, பெரிய எழுத்துப் போட்டால் அதற்குப் புரியாதாம். ஆறு இலக்கம் வந்து நின்றது. தளத்தில் போட்டேன். 'எண் தவறு.'

மறுபடி. தவறு. மறுபடி. தவறு.

வெண்ணிலா ரகசியத்தைச் சரிபார்த்தாள், சரி. அவளுடைய கம்ப்யூட்டரில் ஓட்டினாள், சரியான எண். என்னுடையதில் வேறு எண். பனி ஊர்க்காரனுக்கு எழுதினாள், அவன் ஊரிலும் சரியாக வருகிறது. அடுத்த ஞாயிறும் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கு அடுத்ததும். எனக்குத் தெரியும், தேசிங்கு ரகசியத்தில் ஏதோ கலந்து கொடுத்திருக்கிறான். சொன்னேன். "ரகசியத்துல என்னப்பா கலப்பாங்க, தண்ணியா?" என்றாள்.

அப்போதுதான் திரை மூலையில் அவள் கண் போனது.

"அப்பா, மணி என்ன?"

"அதுல இருக்குதே."

"என் போன்ல ஏழு நிமிஷம் கம்மியா இருக்கு."

"உன் போன் மெதுவா ஓடுது."

சார், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் ஏழு நிமிடம் முந்தித்தான் ஓடும். ஏனென்றால், தேசிங்கு தன் வீட்டுக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முந்தி வைத்திருக்கிறான் என்று பச்சை ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவனுக்குப் பின்னாலே நான் ஏன் இருக்க வேண்டும்? கம்ப்யூட்டரிலும் அப்படியே வைத்தேன். அது தானாகப் பழைய நேரத்துக்கே திரும்பித் திரும்பிப் போனது. முனைக்கடைப் பையனிடம் கேட்டு அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டேன். சரியான நேரம் எனக்குத் தெரியாதா என்ன? ஏழு நிமிடத்தைக் கழித்துக்கொள்வேன்.

வெண்ணிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். சிரிக்கிறாள். பச்சையைக் கூப்பிட்டுச் சொல்லுகிறாள், பச்சை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து ஆம்பிளைச் சிரிப்பு ஒன்றும் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

அந்த ஓடிபி எண், ரகசியத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பிசைந்துதான் வருகிறதாம். என் கம்ப்யூட்டர், இன்னும் பிறக்காத எண்ணையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஏழு நிமிடம் கழித்துப் பிறக்கப் போகிற எண்! யோசித்துப் பாருங்கள், தேசிங்கின் போனுக்கே அப்போது அது தெரியாது. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு சார். ஆனாலும் மகளுக்காகக் கம்ப்யூட்டரை மட்டும் திருத்திக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைத் தொடவிடவில்லை.

வெண்ணிலா பேக்கேஜில் இன்னொன்று சேர்த்தாள். கப்பல் முதலில் வெளியில் நேரம் கேட்டுப் பார்க்கும். நம் நேரம் தப்பாக இருந்தால் எண் தராது, 'உங்கள் கடிகாரம் முந்துகிறது' என்று சொல்லும். பனி ஊர்க்காரன் இதைப் பார்த்து, இது மிக நல்ல யோசனை, எப்படித் தோன்றியது என்று கேட்டிருக்கிறான். என் அப்பாவால் என்று எழுதினாளாம். உடனே சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது எந்த நாட்டில் எவன் 'கப்பல்' என்று அடித்தாலும் எண் வரும். அவர்களுக்கெல்லாம் என்ன தெரியும், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி பல்லார்ஷாவிலிருந்து...

இருங்கள்.

சார், தொட்டிக்கு மேலே பாருங்கள். இல்லை, இன்னும் வலப்பக்கம். ஒற்றையாக, தாழ்வாக, நேர்கோடு மாதிரி. கழுகு அப்படி வராது. வருகிறாள்! வருகிறாள் சார்! அசையாதீர்கள், புது ஆளைப் பார்த்தால் இறங்கமாட்டாள். மோர் டம்ளரை மறையுங்கள், மின்னுகிறது. பா... பா... பா... இறங்கு கண்ணு... கூண்டுக்குள்ளே வா... வந்துவிட்டாள்! நேரம் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் வாட்சில், என் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்!

வளையம். கழற்றிவிட்டேன். எண்ணைப் பிரிக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் முன்னால்தான். வாருங்கள், அறைக்குள் வாருங்கள். பாஸ்வேர்டு... போட்டாகிவிட்டது. ஓடிபி கேட்கிறது. கேட்கட்டும்! கறுப்புத் திரை. க... ப்... எழுத்தெல்லாம் எங்கே ஓடுகிறது? அடித்துவிட்டேன்.

'அப்படி ஒரு கட்டளை இல்லை.'

இல்லையா? கப்பல் இல்லையா? என் இடது கையில் இருக்கிறாள்டா! மறுபடி அடிக்கிறேன். இல்லை என்கிறது. எழுத்தெல்லாம் பெரிய இங்கிலீஷ் எழுத்தாக விழுகிறது சார், ஏன் இப்படி விழுகிறது? நேற்று ராத்திரிகூடச் சின்னதாகத்தானே விழுந்தது? எதைத் தொட்டேன்? நடுவர் உதவக் கூடாது, தெரியும், நீங்கள் பேசாதீர்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐயோ, பெரம்பூர்க்காரன் ஏறிவிடுவான்...

"ஏழு! ஒம்போது! ரெண்டு!"

யார் அது? பச்சை இல்லை.

"ரெண்டு! ஆறு! சைபர்! புதுசா பொறந்த நம்பர்யா, அவசரமில்ல, அடி!"

ஏழு... ஒன்பது... இரண்டு... இரண்டு... அப்புறம் என்ன?

"அப்புறம் இன்னாயா?"

"ஆறு! சைபர்!"

ஆறு. சைபர். தளம் உள்ளே விட்டுவிட்டது! வளைய எண்... ஏற்றிவிட்டேன். சுற்றுகிறது... சுற்றுகிறது... சார், பாருங்கள், மேலே யாரும் இல்லை. நம் பெயருக்கு மேலே வெறும் வெள்ளைதான். முதல் இடம்! முதல் இடம் சார்!

"இன்னாச்சு?"

"மொத எடம்யா! நம்ம கப்பல் மொத எடம்! எவனும் இன்னும் வரல!"

பார்த்தீர்களா சார்? நீங்கள் சாட்சி. போன வருஷம் அவன் தயவுக்குக் காத்திருந்து நாலாவது. இந்த வருஷம் என் மகள் செய்தது, என் கம்ப்யூட்டர், என் புறா. எவனையும் கேட்கவில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். இதோ, சுவர் ஏறி வருகிறான் பாருங்கள், இந்த வயதில். அவனுக்கும் ஒரு டம்ளர் மோர் ஊற்ற வேண்டும், வேறு வழி? நான் பேசமாட்டேன். நீங்களே அவனிடம் கொடுத்துவிடுங்கள்.